வலிக்காத கணுக்கால்

எனக்குச் சர்க்கரை வியாதி வந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. பிரசாதப் பாயசத்தை வேண்டாம் என்பது பாபம் அல்லவா? இரண்டு கையாலும் ஏந்தி வாங்கிக்கொண்டேன். வியாதியும் பக்தியும் ஒன்றாகவே வளர்ந்தன.

பெண்ணுக்கு வரன் அமைந்தால் கரமனையில் எங்கள் தெருக்கோயிலை நாற்பத்தோரு நாள், தினம் நூற்றெட்டு முறை வலம் வருவதாக நேர்ந்திருந்தேன். வரன் அமைந்தது. பத்தாம் நாளே வலது கணுக்கால் வீங்கிச் சிவந்து கொதித்தது. வலி மட்டும் துளியும் இல்லை. வலியைப் பகவான் எடுத்துக்கொண்டார் என்று தெரு முழுக்கச் சொன்னேன். நாலு பேர் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

மனைவி மட்டும் ஒற்றவில்லை. "ஏன்னா, வலியை எடுத்துண்டவர் வீக்கத்தை மட்டும் ஏன் விட்டுட்டுப் போனாராம்?"

"நாஸ்திகம் பேசாதே. தைலத்தை எடுத்துண்டு வா."

நாற்பத்தோரு நாளும் முடித்தேன். அதற்குள் பாதம் ஒருபக்கம் சாய்ந்து, வெளிக் கணு எலும்பே தரையில் தேய நடந்துகொண்டிருந்தேன். அங்கே புண் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது.

எலும்பு டாக்டர் மலையாளி. பாதத்தில் ஊசியால் குத்தினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்போ குத்துவேள்?"

"ஏழு தடவை குத்தியாச்சு ஸ்வாமி."

சர்க்கரையால் நரம்பு செத்திருந்தது. எக்ஸ்ரேயில் கணுக்கால் எலும்புகள் நொறுங்கிய முறுக்குபோலக் கிடந்தன.

"முட்டுக்குக் கீழே காலை எடுத்தா சீக்கிரம் பொய்க்கால் வச்சு நடக்கலாம். சொந்தக் கால் வேணும்னா புண் ஆறணும். அப்புறம் எலும்பை நேராக்கி, குதிகால்லேர்ந்து மேல கம்பி ஏத்தி, ஸ்க்ரூ போட்டு முடுக்கணும். மூணு மாசம் கால் தரையில தொடக் கூடாது, கேட்டோ. வலிக்கிறவன் தானா ஊன்ற மாட்டான். நீங்க ஊன்றுவீங்க. கம்பி ஒடிஞ்சா பின்னே காலை எடுக்கறதுதான்."

சொந்தக் கால்தான் வேண்டும் என்றேன். புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. பிறகு ஆபரேஷன் நடந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என் கட்டிலைச் சுற்றிக் காலிப் பாத்திரங்களை நெருக்கமாக அடுக்கினாள். அந்தக் கோட்டைக்குள் பெரிய ராஜாபோலப் படுத்திருந்தேன். ஒருநாள் காலையில் கோயில் சங்கு கேட்டதும் பழக்கதோஷத்தில் எழுந்து காலைக் கீழே விட்டேன். அண்டாவும் குண்டானும் உருண்டு தெருவையே எழுப்பின. ஓடிவந்தவள் என் முழங்காலை இரு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போறும். பகவானுக்கு நீங்க சுத்தினது போறும்."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் பிடியை விடவில்லை; அவள் விரல்கள் அழுந்துவது என் தொடையில் தெரிந்தது. முழங்காலுக்கு மேலே எனக்கு இன்னும் உணர்ச்சி இருந்தது. அதற்குப் பிறகு நான் எழவில்லை.

மூன்று மாதம் முடிந்தபோது எலும்பு கூடிவிட்டது. கணுக்கால் இனி மடங்காது. போகட்டும். ஆனால் டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார்: சாகும்வரை வெறுங்கால் கூடாது, விசேஷ பூட்ஸ் இல்லாமல் ஓரடி நடக்கக் கூடாது.

பூட்ஸோடு எந்தக் கோயிலில் விடுவார்கள்? பூட்ஸ் வந்த மறுநாள் சாயங்காலம், கோயில் முறைப்படி மேலே சட்டையில்லாமல், காலில் பூட்ஸுடன், கோயில் வாசலுக்கு வெளியே தெருவில் நின்றேன். தீபாராதனை உள்ளே நிற்பவர்களின் தோள்களுக்கு நடுவே ஒரு பொட்டாகத் தெரிந்தது. இரண்டு காலிலும் நின்று கும்பிட்டேன்.