திரை அணையாமல் இருக்க ஒரு பெயர்

பிரவுசர் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் நான் வேலை பார்க்கிறேன். பெங்களூருவின் மற்ற பகுதிகளில் இதைச் சொன்னால் யாரும் வியப்பதில்லை. நான் குடியிருக்கும் ஆஸ்டின் டவுனில் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை விளக்கம் கேட்டார். போனில் இணையப் பக்கங்களைத் திறந்து காட்டுகிறதே, அந்த மென்பொருளுக்குள் சின்னச் சின்ன வசதிகளைச் சேர்ப்பது என் வேலை என்றேன்.

"அதான் நல்லா ஓடிகினு இருக்குதேமா, இன்னும் என்னா சேக்கறீங்க?" என்றார்.

எங்கள் குழுவின் திட்டக் கூட்டங்களில் இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை.

அப்படி நாங்கள் சேர்த்த வசதிகளில் ஒன்று, திரையை அணையவிடாமல் வைத்திருப்பது. போனைத் தொடாமல் கொஞ்ச நேரம் விட்டால் திரை இருண்டுவிடும். சமையல் குறிப்பைப் பார்த்துக்கொண்டே மாவு பிசைகிறவருக்கு அது பெரிய தொல்லை. எங்கள் வசதி வந்தபின், இணையதளம் நடத்துகிறவர் தன் நிரலில் ஒரு சொல்லை எழுதினால் போதும். அவருடைய பக்கம் திறந்திருக்கும்வரை திரை அணையாது. அந்தச் சொல் என்னவாக இருக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். எங்கள் மேலாளர் மைசூர்க்காரர், மெதுவாகப் பேசுகிறவர். அவர்தான் "ஸ்டே அவேக்" என்றார். விழித்திரு. எல்லோருக்கும் உடனே பிடித்துப்போனது. மேலாளர் சொன்னதால் பிடித்ததா என்று யோசிக்கும் பழக்கம் எங்கள் அலுவலகத்தில் இல்லை.

வசதி வெளியானது. சில மாதங்களில் புகார்கள் வந்தன. ஒருவர் அந்தச் சொல்லை நம்பி அலாரம் அடிக்கும் தளம் ஒன்றைச் செய்திருந்தார். விழித்திரு என்று சொல்லிவிட்டால், போனைப் பூட்டிப் பைக்குள் போட்டாலும் தன் பக்கம் விழித்தே இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். அது விழித்திருக்கவில்லை. அதை நம்பித் தூங்கியவர்கள் ரயிலைத் தவறவிட்டார்கள். "விழித்திருக்கும் என்று எழுதியது நீங்களா நானா?" என்று அந்தத் தளத்தைச் செய்தவர் கேட்டிருந்தார்.

ஆகவே பெயரை மாற்றத் தீர்மானித்தோம். வசதியை உருவாக்கியபோதுகூட இவ்வளவு கூட்டங்கள் நடந்ததில்லை. மூன்று நாடுகளிலிருந்து ஆட்கள் திரையில் தோன்றி வாதாடினார்கள். கடைசியில் "கீப் ஸ்கிரீன் ஆன்" என்ற பெயர் வென்றது. திரையை எரியவிடு, அவ்வளவுதான். இதில் கவிதை இல்லை, பொய்யும் இல்லை. உள்ளே இருந்த நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

ஒரு பெயரை வெளியே விட்டபின் அதை ஒரே நாளில் பிடுங்கிவிட முடியாது. அதை எழுதி வைத்திருக்கும் தளங்கள் உடைந்துபோகும். அதனால் கொஞ்ச காலம் இரண்டு பெயர்களும் வேலை செய்யும். பழைய பெயரை எழுதியவருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை போகும். அதை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. "விரைவில் நீக்கப்படும்" என்று எழுதினேன். 'விரைவில்' மிரட்டுவதுபோல் இருக்கிறது என்றார் ஒருவர். தேதி போடலாமே என்றேன். தேதி போட்டால் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்றார் மேலாளர். இறுதியில் "வருங்காலத்தில் ஏதேனும் ஒரு பதிப்பில் நீக்கப்படலாம்" என்று முடிந்தது. நிரல் எழுதுகிறவர்கள் மட்டும், அதுவும் வேண்டுமென்றே திறந்தால்தான் தெரியும் ஒரு சின்னப் பலகத்தில், அது மஞ்சள் நிறத்தில் வரும்.

பழைய பெயரின் புழக்கம் குறைந்துகொண்டே வந்தது. மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் கைவிடப்பட்ட தளங்களாகத்தான் இருக்கும் என்று நான் ஒரு குறிப்பு எழுதினேன். எல்லோரும் சம்மதித்தார்கள். பழைய பெயரை நானே நீக்கினேன்.

அலுவலகத்தில் அதைக் கொண்டாட ஒரு கேக் சொன்னோம். கேக்கின் மேல் என்ன பெயர் எழுத வேண்டும் என்று பேக்கரிக்காரர் கேட்டார். "ஸ்டே அவேக்" என்றேன்.

"பர்த்டேவா மேடம்?"

"இல்ல, வழியனுப்பறதுக்கு."

"ஓ, ரிட்டயர்மெண்ட்" என்று தலையாட்டினார். மாலையில் வந்த கேக்கில் 'ஹேப்பி ரிட்டயர்டு லைஃப், ஸ்டே அவேக்' என்று இருந்தது. எனக்கு நல்ல நகைச்சுவை உணர்வு என்று எல்லோரும் பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை.

எங்கள் பகுதியிலுள்ள கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் நான் பாடகர் குழுவில் பாடுகிறேன். கீபோர்டு வாசிக்கும் அண்ணன்தான் குழுவின் தலைவர். வங்கியில் வேலை. பாட்டுப் புத்தகங்கள் கிழிந்துபோகின்றன என்று, வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு, பாட்டு வரிகளுக்கென்று ஓர் இணையதளம் செய்திருந்தார். டேப்லெட்டில் எழுத்து பெரிதாக, தெளிவாக இருக்கும்; அதைப் பார்த்துத்தான் பாடுவோம். ஸ்ரீராம்புரத்தில் இருக்கும் பாடகர் குழுவும் அதைத்தான் பயன்படுத்தியது. இதில் அவருக்குப் பெருமை உண்டு. அந்தத் தளத்தின் உள்ளே என்ன எழுதியிருக்கிறார் என்று நான் பார்த்ததே இல்லை. வாரம் முழுவதும் பார்ப்பதை ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பானேன்?

பழைய பெயர் நீங்கிய புதிய பதிப்பு, யாரையும் கேட்காமல், எல்லாப் போன்களிலும் டேப்லெட்களிலும் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வார ஞாயிறு, நற்கருணை அப்பம் வாங்கும் நேரத்தில் பாடும் நீண்ட பாட்டு. இரண்டாவது சரணத்தில் முன்வரிசைப் பெண்களின் டேப்லெட் மங்கியது. அடுத்து, பின்வரிசையில் எங்களுடையது. ஆண்கள் பக்கமும் இருண்டது. ஒவ்வொருவராகத் திரையைத் தட்ட, அது கடவுச்சொல் கேட்க, பாட்டு நின்றுபோனது. கீபோர்டு மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது பெஞ்சுகளில் இருந்த மக்கள் பாடத் தொடங்கினார்கள். அந்தப் பாட்டின் சில வரிகளைக் கோயிலில் முன்பே திருத்தியிருந்தார்கள். குழு திருத்திய வரிகளைப் பாடும். மக்கள் வாயை மட்டும் அசைப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அன்றுதான் தெரிந்தது, இத்தனை காலமும் அவர்கள் எங்கள் சத்தத்துக்கு அடியில் பழைய வரிகளையே பாடிவந்திருக்கிறார்கள். இப்போது தடுக்க யாரும் இல்லாததால் தொண்டை திறந்து பாடினார்கள். ஃபாதர் நிமிர்ந்து எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு நற்கருணை கொடுப்பதைத் தொடர்ந்தார்.

பூசை முடிந்ததும் அண்ணன் என்னை வாசலில் பிடித்துக்கொண்டார்.

"பாடிகினு இருக்க சொல்ல எல்லாம் ஆஃப் ஆயிடுச்சு பாத்தியாமா? நான் ஒண்ணுமே கை வைக்கல. எவனோ அமெரிக்காவுல உக்காந்துகினு எதையோ புடுங்கி உட்டுட்டான்."

"அமெரிக்காவுல இல்லண்ணா, மாரத்தஹள்ளியில, எங்க ஆபீஸ்ல" என்றேன். "நான்தான்."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பெயர் மாற்றிய கதை முழுவதையும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"பக்கத்துல நின்னு பாடறே. ஒரு வார்த்தை முன்னாடி சொல்லக்கூடாதா?"

"சொன்னோம்ணா. எச்சரிக்கை போட்டிருந்தோம். நானே எழுதினது."

"எங்க?"

அவர் பையிலிருந்த மடிக்கணினியை வாங்கி, அந்தப் பலகத்தைத் திறந்து காட்டினேன். மேலிருந்து கீழ்வரை மஞ்சள் மஞ்சளாக என் வாக்கியம்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "நீக்கப்படலாம்னுதானே போட்டிருக்கு. நீக்குவோம்னு போடலியே?"

அலுவலகக் கூட்டத்தில் யாருக்கும் இது தோன்றவில்லை.

ஒரு சொல்லை மாற்றினால் போதும், இப்போதே மாற்றித் தருகிறேன் என்றேன். அவர் மடிக்கணினியை மூடிவிட்டார். "வேணாம்மா. நாளைக்கு இந்தப் பேரும் புடிக்கலன்னு மாத்துவீங்க. நான் உங்க பின்னாடியே ஓடிகினு இருக்க முடியாது. எங்க கம்ப்ளைன்ட் பண்ணணும், அத சொல்லு."

பொதுமக்கள் புகார் எழுதும் பக்கத்தை அவருக்குக் காட்டிக்கொடுத்தேன். திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனபோது அந்தப் புகார் என் பெயரிலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. 'மதிப்பிற்குரிய குழுவினருக்கு' என்று நல்ல ஆங்கிலத்தில் தொடங்கியிருந்தார். நானும் 'தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம், ஆராய்ந்து வருகிறோம்' என்று எழுதினேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிற மனிதருக்கு.

புதன்கிழமை பாட்டுப் பயிற்சிக்குப் போனேன். "டீம்காரங்க பதில் போட்டாங்கமா" என்றார் அண்ணன். "இங்கிலீஷ் சக்கத்தா, சூப்பரா இருக்குது. உள்ள ஒண்ணும் இல்ல."

"அது நான் எழுதினதுண்ணா."

"தெரியும். நான் உன்னச் சொல்லல, டீமைச் சொல்றேன்."

அந்த வாரம் முழுவதும் அவருடைய புகாருக்குக் கீழே உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் எழுதினார்கள். ஒரு பியானோ ஆசிரியை. உணவக அடுக்களையில், வந்த ஆர்டர்களைத் திரையில் பார்த்துச் சமைக்கும் ஒருவர். கை முறிந்து, உடற்பயிற்சிப் படத்தைப் பார்த்துப் பயிற்சி செய்கிறவர். கைவிடப்பட்ட தளங்கள் என்று நான் எழுதிய குறிப்பு நினைவுக்கு வந்தது. ஒன்றும் கைவிடப்பட்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு திரையின் முன்னாலும் கை ஒழியாத ஒரு மனிதர் நின்றிருந்தார். கை ஒழிந்திருந்தால் அவர் திரையைத் தொட்டிருப்பார். எங்கள் வசதியே தேவைப்பட்டிருக்காது.

அவற்றை மேலாளரிடம் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். தான் வைத்த பெயருக்கு இவ்வளவு பேர் வாதாடுகிறார்களே என்று உள்ளூர மகிழ்ந்தாரோ என்னவோ, முகத்தில் காட்டவில்லை. "ஹோக்லி பிடி" என்றார். போனால் போகட்டும், விட்டுவிடு. பழைய பெயர் திரும்பி வந்தது. இனி அதை எப்போதும் நீக்குவதில்லை என்று தீர்மானமும் ஆனது. அண்ணனின் புகாருக்குக் கடைசிப் பதிலையும் நானே எழுதினேன். ஆக, எங்கள் பிரவுசரில் ஒரே வேலைக்கு இன்று இரண்டு பெயர்கள். ஒன்று சரியானது, இன்னொன்று எல்லோருக்கும் தெரிந்தது.

அந்த ஆண்டின் பணி மதிப்பீட்டில், தேவையற்ற ஒரு பழைய பெயரைத் துணிவாக நீக்கியதற்காக என்னைப் பாராட்டியிருந்தார்கள். அடுத்த பத்தியில், பயனர்களின் குரலுக்குச் செவிசாய்த்து அதை விரைவாகத் திருப்பிக் கொண்டுவந்ததற்காகவும் பாராட்டியிருந்தார்கள். இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

பழைய பெயர் திரும்பிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு திரையும் அணையவில்லை. திருத்திய வரிகளை நாங்கள் கடைசிவரை பாடினோம். பூசை முடிந்து வெளியே வந்தபோது அண்ணன் காகிதக் கப்பில் டீ வாங்கிக் கொடுத்தார்.

"கடைசியா பதில் எழுதின இன்ஜினியர் மரியாதை தெரிஞ்ச ஆளு" என்றார், முகத்தை மாற்றாமல். "தப்பு எங்க பக்கம்தான்னு நேரா எழுதிட்டாரு. உனக்கு அந்த டீம்ல பழக்கம் இருக்குதுல்ல? நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லிடு."

"சொல்லிடறேண்ணா" என்றேன்.