குந்தி உட்காரும் டீச்சர்

சங்கராபுரத்தில் என் பேத்தியின் ஒன்றாம் வகுப்பு டீச்சர் நல்ல உயரம். ஆனால் பிள்ளைகளிடம் பேசும்போது குந்தி உட்கார்ந்துவிடுவார். பள்ளி திறந்த அன்று, இந்தப் பருவத்தில் எழுத்து, எண், பாட்டோடு கதையும் உண்டு என்றார். எனக்கு வயிறெரிந்தது.

"கதையும் நீயே சொல்லிட்டா எனக்கு இன்னாம்மா வேலை?"

"நான் சொல்லல ஆயா. நீங்க வூட்ல சொல்லுங்க. அத பாப்பா இங்க வந்து சொல்லணும், அதான் பாடம்."

ஜெயித்த தெம்பில் அன்று சாயங்காலமே, கரும்பு தின்று பல் உடைந்த நரியின் கதையைத் தொடங்கினேன்.

"சீக்கிரம் முடி ஆயா, டீச்சர்கிட்ட சொல்லணும்" என்றாள் பேத்தி.

மறுநாள் வகுப்பு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பேத்தி கையை ஆட்டிச் சொல்லச் சொல்ல, டீச்சர் குந்திக்கொண்டு, வாய் பிளந்து, என் நரிக்கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வயதில் என் பேச்சை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. டீச்சர் மேலிருந்த பொறாமையெல்லாம் அந்தச் சின்னக் கழுதை மேல் திரும்பிவிட்டது.