பேட்டன் பிடித்த கையால் ஒரு கும்பிடு

கையை அசைப்பவன் ஒருவன், ஊதுபவன் இன்னொருவன். ஊதியது பிசகிப்போனால் அந்தப் பிசகு யாருடையது?

வாத்தியக் கோஷ்டி நடத்த விரும்பி என்னிடம் யோசனை கேட்டு வரும் இளைஞர்கள், இசைக் குறிப்புகளை ஸ்கோராக எழுதுவது எப்படி, எத்தனை பிடில் வேண்டும், கோஷ்டியை நடத்தும் பேட்டன் கோல் என்ன நீளம் இருக்க வேண்டும் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். இந்தக் கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. நானும் அந்த வயதில் கேட்டுக்கொண்டவனல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், குற்றாலத்தில் ஒரு சாரல் மாலையில், அது தானாக என் முன் வந்து நின்றது. விடை எனக்குத் தெரிந்திருந்தது. சொல்ல வாய் வரவில்லை. பின்னாளில் சென்னையில் பெரிய கோஷ்டிகளை நடத்திப் பாராட்டுப் பெற்றதையெல்லாம் எழுதப் பிறர் இருக்கிறார்கள். இதை நான்தான் எழுத வேண்டும்.

1. கிட்டங்கியில் நாற்காலிகள்

பாளையங்கோட்டையில் பி.ஏ. படித்த காலத்தில் ஒரு பாதிரியாரிடம் மேனாட்டு இசைக் குறிப்பு முறையான ஸ்டாஃப் நொட்டேஷனும், பாடகர் குழுவைக் கையசைவால் நடத்தும் முறையும் கற்றுக்கொண்டேன். பட்டம் பெற்றதும் தாலுகா கச்சேரியில் உத்தியோகம் பார்ப்பேன் என்று வீட்டார் காத்திருந்தார்கள். நானோ தென்காசிக்குத் திரும்பி, நம் வாத்தியங்களையும் மேனாட்டு வாத்தியங்களையும் சேர்த்து ஓர் ஆர்க்கெஸ்ட்ரா அமைக்கத் தொடங்கினேன். அரிசி ஆலைக்காரர் ஒருவர் தம் கிட்டங்கியில் நெல் மூட்டைகளை ஒருபுறம் ஒதுக்கி இடம் கொடுத்தார். பிடில், புல்லாங்குழல், ஜலதரங்கம், ஹார்மோனியம், மிருதங்கம், கார்னெட், கிளாரினெட் எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன.

கிளாரினெட் வாசித்தவர் இலஞ்சி மாடசாமி. என்னைவிட மூத்தவர், அண்ணாச்சி என்றே அழைப்பேன். ஜமீன் நிர்வாகத்தில் இருந்த ஒரு கோயிலில் பரம்பரையாக மேளமுறை உள்ள குடும்பம் அவருடையது. சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் உரிமையும், அதற்கென விடப்பட்ட ஒரு துண்டு வயலும் அந்த முறையோடு சேர்ந்தவை. பெரியவர்கள் முன்னால் மேளக்காரர்கள் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடியேதான் வாசிக்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். என் கோஷ்டியில் எல்லோருக்கும் நாற்காலி என்று முதல் நாளே அறிவித்துவிட்டேன்.

மாடசாமி அண்ணாச்சி நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். “இதுல உக்காந்து ஊதினா மூச்சு எங்கன போயிச் சேரும் மாஸ்டர்?” என்றார்.

“பழகிரும் அண்ணாச்சி. இங்கன எல்லாரும் ஒண்ணு.”

“நீங்க சொல்லுதீய. நாற்காலிக்கு அது தெரியணுமே?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படித்தவன் ஒருவன் செய்யவேண்டிய காரியத்தைச் செய்துவிட்டேன் என்ற திருப்தி எனக்கு.

நம் வித்வான்களுக்குத் தாளம் தொடையில் இருக்கிறது. அதற்காக அவர்கள் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் நான் அமைத்திருந்த ஒரு காவடிச்சிந்து மெட்டில், ஓரிடத்தில் எல்லா வாத்தியங்களும் சட்டென்று நின்றுவிடும். அந்த நிறுத்தம் தாளக் கணக்குக்கு வெளியே உள்ளது. எவ்வளவு நேரம் நீடிப்பது என்பதை அந்த நொடியில் நான் தீர்மானிப்பேன். பிறகு என் இரு கைகளும் ஒன்றாக மேலே எழும். அதுவே கிளாரினெட்டுக்கு என்ட்ரி. கைகள் இறங்கும்போது மற்றவர்கள் சேர வேண்டும். பழகும்போது அந்த இடத்தில் அண்ணாச்சி இமைக்காமல் என் கைகளையே பார்த்திருப்பார்.

“இது கணக்குல இல்ல, உங்க கையில இருக்கு. கை எந்திரிச்சா நான் எந்திரிப்பேன். அது போதும் மாஸ்டர்” என்பார்.

2. எசமானுக்கு எந்தப் பக்கம்?

சாரல் தொடங்கியதும் ஜமீன்தார் குற்றாலத்துப் பங்களாவில் வந்து தங்குவது வழக்கம். அந்த ஆண்டு அங்கே வாசிக்க அழைப்பு வந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் கோஷ்டிக்கு ஓர் ஆதரவு நிலைத்துவிடும். பிடிக்காவிட்டால் கிட்டங்கியோடு எங்கள் கதை முடியும். இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கச்சேரியன்று காலையில் பங்களா ஹாலின் தாழ்வான மேடையில் நாற்காலிகளைப் போட்டு, நான் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜமீன் காரியஸ்தர் வந்தார்.

“என்னவே மாஸ்டர், எசமான் இங்கன உக்காருவாக. நீரு அங்கன பாத்துல்லா நிக்கீரு?”

“அப்படித்தான் நடத்தணும். வாத்தியக்காரங்க என் முகத்தப் பாக்கணும்.”

“அப்ப எசமான் எதப் பாப்பாக? உம்ம பின்பக்கத்தையா?”

தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“பக்கவாட்டுல நிக்கேன்” என்றேன்.

“காத மட்டும் காட்டவா? சன்னதியில சாமிக்கு முதுகக் காட்டுவீரா? எசமானுக்குக் காட்டலாமோ? பி.ஏ. படிச்சவருக்கு இது தெரியாண்டாமா?”

மேனாட்டில் ராஜா முன்னிலையிலும் இப்படித்தான் நிற்பார்கள் என்று விளக்கினேன்.

“அவன் ஊர்ல அவன் காட்டுவான். நீரு எசமானப் பாத்து நில்லும். முடியாதுன்னா நாற்காலியத் தூக்கிட்டு நடையக் கட்டும்.”

விளைவுகளை எண்ணிப் பார்த்தேன். எதை எண்ணினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: கோஷ்டி கலைந்துவிடும், ஊரார் நகைப்பார்கள், என் வீட்டார் சொன்னது சரி என்று ஆகிவிடும். நான் ஒப்புக்கொண்டேன்.

பிடில்காரர் செல்லையா, “அப்ப நாங்க உங்க பிடரியப் பாத்தா வாசிக்கணும்?” என்று கேட்டார்.

மாடசாமி அண்ணாச்சி கேட்டது ஒரே கேள்விதான். “நிறுத்தத்துக்கு?”

“கைய நல்லாத் தூக்குதேன் அண்ணாச்சி. பின்னால இருந்தும் தெரியும்.”

“தெரிஞ்சாச் சரி.”

3. ‘பேஷ்!’

மாலையில் வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. மிருதங்கத்தின் தோல் ஈரத்தில் தொய்ந்துவிடாதபடி கணப்பருகே வைத்து எடுத்து வந்தார்கள். ஜமீன்தார் திண்டில் சாய்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்தபடி நின்று, கோஷ்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெற்றுவெளியில் பேட்டனை அசைத்தேன். தாளம் தொடையில் இருந்ததால் முதல் பகுதிகள் நன்றாகவே நடந்தன.

காவடிச்சிந்து வந்தது. நிறுத்தம் வந்தது. எல்லாம் ஓய்ந்து, சாரல் மட்டும் கேட்டது.

மெட்டு முடிந்துவிட்டது என்று ஜமீன்தார் நினைத்தார். திண்டிலிருந்து நிமிர்ந்து, என் முகத்தைப் பார்த்து, “பேஷ்!” என்றார்.

பெரியவர் ஒருவர் நேருக்கு நேராகப் பார்த்துப் பாராட்டினால் நம்மூரில் பிறந்தவனின் கை என்ன செய்யும்? என் இரு கைகளும், பேட்டனோடு சேர்ந்து எழுந்து குவிந்தன. தலை தாழ்ந்தது. அது கும்பிடு என்பது எனக்கும் ஜமீன்தாருக்கும்தான் தெரியும். பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு என் முழங்கைகள் உயர்ந்தது மட்டுமே தெரிந்தது.

கிளாரினெட் எழுந்தது. சொல்லிக்கொடுத்தபடியே, துளியும் பிசகாமல் எழுந்தது. “நம்ம ஜில்லாவுலயே...” என்று ஜமீன்தார் ஏதோ சொல்லத் தொடங்கியிருந்தார். அந்தப் பேச்சு ஊதலில் மூழ்கிப்போனது. நான் திடுக்கிட்டுக் கைகளைக் கீழே போட்டேன். அதை என்ட்ரி என்று கொண்டு பிடில்கள் சேர்ந்தன, ஹார்மோனியம் தயங்கியது, கார்னெட் நடுவில் வந்து விழுந்தது. எல்லாம் சேர்ந்து ஒரு கூச்சலாகி நின்றது.

காரியஸ்தர் முன்னால் வந்தார். “எவம்லே அது? எசமான் பேசும்போது குறுக்க ஊதுதவன்?”

மாடசாமி அண்ணாச்சி எழுந்து நின்றார். “நாந்தான்யா” என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் காரியஸ்தரைப் பார்க்கவில்லை. கிட்டங்கியில் பழகும்போது பார்ப்பதைப் போலவே, இமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் என்ட்ரிக்காகக் காத்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. ‘அவர் ஊதியது என் கை சொல்லித்தான்’ என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதைச் சொல்லவேண்டிய இடமும் நேரமும் என்னுடையவை. நான் பேட்டனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நாற்காலியில உக்காத்தி வச்சா இப்படித்தான் திமிரு ஏறும். எறங்குலே கீழ!”

அண்ணாச்சி மவுத்பீஸைக் கழற்றித் துணியால் துடைத்தார். அவசரப்படாமல் இறங்கிச் சாரலுக்குள் போனார்.

“மாஸ்டர் என்ன செய்வாரு, பாவம். அந்த நேரத்துலயும் மரியாத மறக்கல, பாத்தீரா?” என்றார் ஜமீன்தார். சால்வை ஒன்று வந்து என் தோளில் விழுந்தது. நான் மறுபடியும் கும்பிட்டேன்.

முதல் கும்பிடு கை தானாகச் செய்தது. இரண்டாவது அப்படியல்ல. அதை நினைத்தால்தான் எனக்குக் கூச்சம் தாங்கவில்லை.

4. மறுநாள்

காலையில் சால்வையை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். காரியஸ்தர் வராந்தாவில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தேய்ப்பவரிடம் தோளைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார். கோயில் மேளமுறையை மாடசாமி குடும்பத்திடமிருந்து எடுத்து வேறு ஆளிடம் கொடுக்க உத்தரவாகிவிட்டது என்று அவர் வாயாலேயே கேள்விப்பட்டேன். வயலும் அதோடு போகும்.

“பிசகு என்னோடது. நான் கும்பிட்டத அவரு என்ட்ரின்னு எடுத்துக்கிட்டாரு” என்றேன்.

“இத நேத்து சொல்லதுக்கென்ன? வாய்க்குள்ள கொழுக்கட்டையா இருந்துச்சு?”

“இப்ப சொல்லுதேன். எசமான்ட்ட நானே சொல்லுதேன்.”

“உமக்கென்ன கிறுக்கா? எசமான் சால்வ போட்டாச்சு. இப்பப் போயி நாந்தான் தப்புன்னு சொன்னீர்னா, எசமான் தப்பான ஆளுக்குல்லா போட்டாகன்னு ஆயிரும்? எங்க எசமானக் கேனையன்னு சொல்ல வந்தீரா? பேசாம வீட்டுக்குப் போவும்.”

சால்வையை அவர் வாங்கவில்லை. நேற்று ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்க வேண்டியது, இன்று யாராலும் எடுக்க முடியாத கல்லாகிவிட்டதை அங்கே நின்றபடி உணர்ந்தேன். உண்மையைத் தாமதித்துச் சொன்னால் அதைக் கேட்க ஆள் இருப்பதில்லை.

அங்கிருந்து இலஞ்சிக்குப் போனேன். அண்ணாச்சி ஒரு துணிமூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி என்னைப் பார்த்ததும், “வாங்க மாஸ்டர். சால்வையப் போத்திக்கிட்டு வரப்புடாதா? சாரலா இருக்குல்லா?” என்றார்.

“ஏட்டி, சும்மா கெட” என்றார் அண்ணாச்சி.

“அண்ணாச்சி, தப்பு என்னோடது.”

“தெரியும். உங்க கையப் பாத்துத்தானே ஊதினேன்.”

“காரியஸ்தர்ட்ட சொல்லிட்டேன்.”

“ஆளுக இருக்கும்போதா, இல்லாதபோதா?”

நான் கையிலிருந்த சால்வையை மடிக்கத் தொடங்கினேன்.

அவர் சிரித்தார். “கோவம் இல்ல மாஸ்டர். நீங்க எசமானக் கும்பிட்டீய. நான் என்னயத்தான் கூப்பிடுதீயன்னு நெனச்சு ஊதிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.” அவருடைய மனைவி சிரிக்கவில்லை.

புளியறை தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் மலையாளச் சீமையில் கல்யாண ஊர்வலங்களில் வாசிக்கும் ஒரு பேண்டு செட்டில் ஆள் கேட்கிறார்கள் என்றார். கோஷ்டியை விட்டுப் போகவேண்டாம், உங்கள் நாற்காலி அப்படியே இருக்கும் என்று மன்றாடினேன்.

“நாற்காலி கெடக்கட்டும். நின்னுக்கிட்டு ஊதுதது எனக்குப் பழக்கந்தான். எவம்லேன்னு ஒருத்தன் கேக்கும்போது, நாந்தான்னு சொல்ல இன்னொரு வாயி வேணும். அது இல்லாத எடத்துல நாற்காலி என்னத்துக்கு?”

மூட்டையை எடுத்துக்கொண்டு செங்கோட்டைப் பாதையில் நடந்தார். கிளாரினெட்டை மட்டும் துண்டுக்குள் நனையாமல் வைத்திருந்தார்.

5. தென்காசிப் பந்தல்

ஜமீன் ஆதரவு எங்களுக்குக் கிடைத்தது. மறு ஆண்டுச் சாரலுக்கும் அழைப்பு வந்தது; நான் போகவில்லை. காரணத்தைக் கோஷ்டியாரிடம் சொன்னேன். சிலர் விலகினார்கள். செல்லையா, “சொல்ல இவ்வளவு நாளா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கோஷ்டியிலேயே இருந்துகொண்டார்.

பிறகு தென்காசியில் ஒரு வாசகசாலை திறப்புக்குப் பந்தலில் வாசித்தோம். ஜில்லா அதிகாரி ஒருவர் முன்வரிசையில் இருந்தார். விழா நடத்தியவர் ஓடிவந்து, “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி நின்னா நல்லாருக்கும்லா?” என்றார். வாத்தியக்காரர்களைப் பார்த்துத்தான் நிற்பேன், சம்மதமில்லையென்றால் கச்சேரி வேண்டாம் என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அதே காவடிச்சிந்து, அதே நிறுத்தம். கிளாரினெட்டின் இடத்தைக் கார்னெட்டுக்குக் கொடுத்திருந்தேன். கார்னெட் ஒரு கணம் முந்திக்கொண்டு வந்து ஸ்வரம் உடைந்தது. கை பிசகியதா, ஊதல் பிசகியதா என்று எனக்கே நிச்சயமில்லை. நிறுத்தினேன். சபையின் பக்கம் திரும்பினேன்.

“பிசகு என்னுடையது. அந்த இடத்திலிருந்து மறுபடி வாசிக்கிறோம்.”

பந்தலின் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது: “ஆருதா இருந்தா என்ன, நீரு வாசியும் வே!”

கூட்டம் சிரித்தது, அதிகாரியும் சிரித்தார். இவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. குற்றாலத்தில் நான் அஞ்சியது இந்தச் சிரிப்புக்குத்தான் என்றால், அதற்கு ஒரு குடும்பத்தின் முறையையும் வயலையும் கொடுத்திருக்கிறேன். என் வெட்கம் அன்று குறையவில்லை. அதன் அளவு சரியாகத் தெரிந்தது.

மாடசாமி அண்ணாச்சிக்குக் கோயில் முறை திரும்பக் கிடைக்கவில்லை. அவர் என் கோஷ்டிக்குத் திரும்பவும் இல்லை. அந்தப் பந்தலுக்குப் பிறகு நான் நடத்திய கச்சேரிகளில், முன்வரிசையில் யார் இருந்தாலும் வாத்தியக்காரர்களைப் பார்த்தே நின்றேன். பிசகு நேர்ந்தபோதெல்லாம், யார் என்று ஒருவர் கேட்பதற்கு முன் சபையின் பக்கம் திரும்பி, நான் என்று சொன்னேன்.