லியோனிலா வேகவைத்த பலகை

எங்கள் கடற்கரையில் படகுக்காரர் கிரிசாந்தோவின் பெயரைச் சொன்னாலே பலகைக் கதைதான் வரும். அதை ஊர் முழுக்கப் பரப்பியதில் எனக்கும் பங்கு உண்டு. பக்கத்து வீட்டுக்காரன் நான் வேறு எதற்கு இருக்கிறேன்?

போன வருடத் திருவிழாவில் புனித ரோக்கின் சுரூபம் படகேறிக் கடலில் பவனி போனபோது, பாட்டுக்காரப் பெண்கள் கிரிசாந்தோவின் படகில்தான் இருந்தார்கள். அவர் மனைவி லியோனிலா முதல் குரல். பாட்டு உச்சத்துக்குப் போன நேரத்தில் மேல்தட்டு மடாரென்று உடைந்தது. அவள் இடுப்புவரை உள்ளே இறங்கிவிட்டாள். மற்ற படகுகளில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அன்றோடு பாட்டையும் நிறுத்திவிட்டாள், வீட்டிலும் சரி, கோவிலிலும் சரி.

தப்பு கிரிசாந்தோவுடையதுதான். மலிவு ப்ளைவுட்டின் மேல்பக்கத்துக்கு மட்டும் நீலப் பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்கியிருந்தார். வெட்டிய ஓரமும் அடிப்பக்கமும் அம்மணமாகக் கிடந்தன. அந்த வழியாகவே தண்ணீர் குடித்துப் பலகை உளுத்துப்போயிருந்தது.

இந்த வருடம் புதுத் தட்டு போட, கடையிலிருந்து மூன்று மாதிரித் துண்டுகள் கொண்டுவந்தார். மூன்றிலும் கடல் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கான 'மரைன்' முத்திரை இருந்தது.

"முத்திரைய நம்பி நான் ஏறி நிக்கணுமா? குடுய்யா இங்க" என்று பிடுங்கிய லியோனிலா, மூன்றையும் சோற்றுப் பானையில் போட்டு அடுப்பில் ஏற்றினாள். கொதிநீரில் பலகையின் பசை விடுகிறதா என்று படகு கட்டுகிறவர்கள் செய்கிற சோதனைதான். சோற்றுப் பானையில் யாரும் செய்ததில்லை.

நான் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். "அக்கா, உப்பு போட்டாச்சா?"

"உனக்குன்னு ஒரு தட்டு எடுத்து வெச்சிருக்கேன், வந்து தின்னுட்டுப் போ!"

பொழுது சாய்வதற்குள் ஒரு துண்டு ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. இன்னொன்று ஓரத்தில் வாய் பிளந்தது. மூன்றாவதில் கத்தி முனையை நுழைக்கப் பார்த்தாள், நுழையவில்லை. "இதான்" என்றாள்.

அந்த ரகத்தையே வாங்கி, அளவாக வெட்டி, ஆணித் துளைகளைப் போட்ட பிறகுதான் கிரிசாந்தோ தண்ணீர் புகாமல் அடைக்கிற எபாக்ஸிப் பசையைக் கையில் எடுத்தார். ஓரங்கள் உறிஞ்ச உறிஞ்சத் திரும்பத் திரும்பப் பூசினார். துளைகளின் உள்ளேயும் பூசினார்.

"அடிப்பக்கம்?" என்று கரையிலிருந்தே அதட்டினாள் லியோனிலா.

"ஆச்சும்மா."

"காட்டு."

பலகையைப் புரட்டிக் காட்டினார்.

திருவிழா அன்று லியோனிலா செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறினாள். போன வருடம் விழுந்த அதே இடத்துக்குப் போய், எல்லோரும் பார்க்க எம்பிக் குதித்தாள். தட்டு முனகக்கூட இல்லை.

"பாத்தியாய்யா?" என்று திரும்பினாள். ஆளைக் காணோம். "எங்க போனாரு இந்த மனுஷன்?"

பக்கத்தில், தட்டுக்குக் கீழே இறங்குகிற வழியின் மூடியைத் தூக்கினாள். உள்ளே கிரிசாந்தோ மல்லாந்து படுத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் தட்டைத் தாங்கிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்த எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஒரு பகல் பூரா வேகவெச்சேனே, இன்னும் உனக்கு நம்பிக்கை வரலையா?"

"பலகை மேல நம்பிக்கை இருக்கும்மா. நீ மறுபடி பாட்ட நிறுத்திட்டா வீட்ல எப்படி இருக்கறது? அந்தப் பயந்தான்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. லியோனிலா குனிந்து, அவர் சட்டையைப் பிடித்து மேலே இழுத்தாள். "போ, மோட்டார ஓட்டு" என்றாள். அவர் மோட்டாரிடம் போய்ச் சேரும் முன்பே பாட்டை ஆரம்பித்துவிட்டாள். படகேற வேண்டிய புனித ரோக்கின் சுரூபம் அப்போதுதான் கோவில் வாசலைத் தாண்டியிருந்தது.