இரண்டு மஞ்சள் நூல்

மகளின் பள்ளிப் பாவாடை ஸ்கொட்லாந்துக் கட்டம் போட்டது. கரும்பச்சையில் நீலப் பட்டை, அதன் நடுவே அடுத்தடுத்து இரண்டு மஞ்சள் நூல். விளிம்பை மடித்துத் தைக்க எடுத்தவள், ஊசி கோக்காமலே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. மொன்ட்ரியாலுக்கு அகதியாக வந்து இரண்டாவது குளிர்காலம். அம்மா அங்கே சென்ட் லோரன்ட் பகுதியில் இதே மாதிரிப் பாவாடைகள் தைக்கும் தொழிற்சாலைக்குப் போய்வந்தாள். தையல் மூட்டில் ஒரு நூல் விலகினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஊரிலேயே நின்றுவிட்ட அண்ணன் காணாமற்போய் மூன்று மாதமாகியிருந்தது.

ஒரு ஞாயிறு காலை கொழும்பிலிருந்து மாமா அழைத்தார். நானும் அம்மாவோடு ஒட்டி நின்று கேட்டேன். ஊர்க் கடற்கரையில் ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறதாம். முகம் தெரியவில்லையாம்.

“இடுப்பிலை பச்சைக் கட்டம் போட்ட சாரம் அக்கா. மஞ்சள் நூல் ரெண்டு ஓடுதாம். எங்கடை பெடியன்ரையோ?”

“இல்லை. அவன்ரையிலை ஒரு நூல்தான்,” என்றாள் அம்மா, குரல் நடுங்காமல்.

அவள் ரிசீவரை வைத்ததும், “ரெண்டெல்லோ அம்மா?” என்றேன். அந்தச் சாரத்தை எத்தனையோ தரம் கொடியிலிருந்து எடுத்து மடித்தவள் நான்.

“அதே சாரம் ஊரிலை எத்தினை பேர் கட்டுவினம்! நீ கதையாதை,” என்று என் வாயைப் பொத்தினாள்.

உரிமைகோர ஆளில்லாமல் அந்த உடலைப் புதைத்துவிட்டார்கள். அண்ணனிடமிருந்து கடிதம் வரவேயில்லை. தான் சாகும்வரை அம்மா அவனுக்குத் திவசம் செய்ய விடவில்லை. அவளும் போய் ஆறு வருடமாகிறது. நான் இன்னும் செய்யவில்லை. செய்தால், அன்று அம்மா சொன்னது பொய்யென்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.