அவிய வாராவ!

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் வன்னியம்பட்டியில், ஒரே ஒரு சொல்லுக்குப் பயந்து நாற்பது பேர் ஓடியதை என் கண்ணால் பார்த்தேன்.

கேமரா பெட்டிக்குள் போனது. ஹீரோயின் கேரவனுக்குள் போனார். லைட்மேன்கள் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் போனார்கள். நான் மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

தைரியமா? அதெல்லாம் இல்லை... எனக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியும். அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என்னுடைய க்ரைம் நாவல் ஒன்று வெப் சீரிஸ் ஆகிறது. எட்டு எபிசோடு. நாவலின் பெயரைச் சொன்னால் 'பத்தியில் ஓசி விளம்பரமா?' என்று கேட்பீர்கள். அதனால் சொல்லவில்லை. டைரக்டர் பிரவீன் சென்னைப் பிள்ளை. கறுப்பு டி-ஷர்ட்டைத் தவிர வேறு எதிலும் நான் அவரைப் பார்த்ததில்லை. "மேடம், உங்க நாவல் பக்கா நியோ நுவார்!" என்று முதல் சந்திப்பிலேயே சொன்னார். நானும் தெரிந்ததுபோல் பெருமையாகத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து அர்த்தம் தேடிப் பார்த்தேன்.

ஒன்றுமில்லை. துப்பறியப் போகிறவன் கையிலும் கறை இருக்கும். நல்லவன் என்று ஒருத்தனையும் நம்ப முடியாது. கடைசியில் யாரும் ஜெயிக்க மாட்டார்கள். இது எல்லாவற்றுக்கும் மேலே மழை பெய்துகொண்டே இருக்கும்!

ராஜபாளையத்தில் எங்கள் எதிர்வீட்டு மாமா தெலுங்கு பேசுகிறவர், ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவரிடம் இந்த 'நியோ நுவார்' விஷயத்தைச் சொன்னேன். மனிதர் யோசித்தார்.

"நீயோன்னா தமிழ்ல என்னையச் சொல்லுதாவ. நுவ்வுன்னா தெலுங்குலயும் என்னையத்தான் சொல்லுதாவ. ரெண்டு பாஷையிலயும் நான்தான் கொலகாரனா?"

உலகத்தில் வேறெந்த ஊரிலும் இந்தச் சந்தேகம் வந்திருக்காது.

மழைக்கு வருவோம். எங்கள் பக்கத்து வெயிலில் மழைக்கு எங்கே போவது? டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து, ராஜபாளையத்துத் தெரு ஒன்றில் குழாய் வைத்துப் பீய்ச்சினார்கள். 'ஆக்‌ஷன்' என்றதும் இன்ஸ்பெக்டர் வேஷக்காரர் சோகமாக நனைந்துகொண்டு நடந்து வந்தார். பின்னாலேயே ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். "ஏம்ப்பா, இந்தத் தண்ணி குடிக்கலாமா, பொழங்கத்தான் ஆகுமா?" என்று ஒரு அம்மாள் கேமராவைப் பார்த்தே கேட்டார். பிரவீனின் மூட் அதோடு போயிற்று.

சரி, என் கவலைக்கு வருகிறேன். விளையாட்டாகச் சொன்னாலும், உண்மையில் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் நாவலே ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. கதை இதுதான்: ஒரு பஞ்சு வியாபாரி கொலையாகிறார். பார்த்த ஒரே சாட்சி முத்துமாரி என்ற பெண். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டரிடம் அவள், "அவிய வந்தாவ. பேசிக்கிட்டு இருந்தாவ. பொறவு போயிட்டாவ" என்கிறாள். இன்ஸ்பெக்டர் நோட்டில் 'சிலர் வந்தனர்' என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார். அதற்குப்பிறகு இருநூறு பக்கம், இல்லாத ஒரு கும்பலைத் தேடி அலைகிறார். நாலு அப்பாவிகளை அடித்து உள்ளே தள்ளுகிறார்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 'அவிய' என்றால் 'அவர்கள்'. ஆனால் மரியாதைக்குரிய ஒரே ஒருவரும் 'அவிய'தான். கல்யாணமான ஒரு பெண் வெறுமனே 'அவிய' என்றால், பத்துக்கு எட்டு தடவை அது அவள் புருஷன். பெயரைச் சொல்ல மாட்டாள் இல்லையா? (நான் என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அதுவும் சத்தமாக. அது வேறு கதை.)

ஆக, முத்துமாரி பன்னிரண்டாம் பக்கத்திலேயே கொலைகாரன் தன் புருஷன்தான் என்று சொல்லிவிட்டாள். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எனக்கு என் புத்தகத்திலேயே பிடித்த இடம் அதுதான்.

எழுத்தில் இது சுலபம். திரையில்? ஓடிடி கம்பெனியிலிருந்து பிரவீனுக்கு மெயில் வந்துவிட்டது. 'ட்விஸ்ட் யாருக்கும் புரியாது. இங்கிலீஷ் சப்டைட்டிலில் ஒருமை போட்டால் முதல் எபிசோடிலேயே குட்டு உடைந்துவிடும். பன்மை போட்டால் கடைசியில் ஏமாற்று வேலை என்பார்கள். எனவே நிஜமாகவே ஒரு கும்பல் இருக்கட்டும். பிளவக்கல் அணையில் ஒரு சேஸிங். மேலே ட்ரோன்.'

அணையில் சேஸிங்! அப்படியானால் முத்துமாரி யார்? எட்டாவது எபிசோடில் ஒரு மூலையில் நின்று அழுகிற பெண். அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடியோ காலில் ஸ்கிரிப்டை முடிவு பண்ணப் போகிறார்கள் என்று பிரவீன் போனில் சொன்னார். அவளை எழுத எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. எப்படியாவது பேசிப் பார்க்கலாம் என்றுதான் அன்றைக்கு ஒரு பை முறுக்கோடு ஷூட்டிங் நடக்கும் வன்னியம்பட்டிக்கு பஸ் ஏறினேன். வெறுங்கையோடு கெஞ்சப் போகக் கூடாது, பாருங்கள்.

அங்கே ஒரு விவசாயி வீட்டைப் பிடித்திருந்தார்கள். அந்த வீட்டில் ஷூட்டிங்கிற்கு அதுதான் முதல் நாள். பகல் பத்து மணிக்கே ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி கட்டி, வீட்டுக்குள் 'ராத்திரி' ஆக்கிவிட்டார்கள். வைக்கப்படப்பை, அதாவது வைக்கோல் போரை, நகர்த்திவிட்டு அந்த இடத்தில் ஜெனரேட்டர் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். வீட்டுக்காரப் பெண் பேச்சியம்மாள், நாற்பத்தைந்து வயதிருக்கும், வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டை அவருடைய அண்ணன் மூலமாகப் பேசி முடித்திருந்ததால், அவர் கணவரை யூனிட்டில் யாரும் பார்த்ததில்லை. அவர் விடிகாலையிலேயே வயலுக்குப் போய்விட்டார்.

நான் பிரவீனிடம் என் வழக்கை எடுத்துவைத்தேன். ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டார், வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

"மேடம், எனக்கும் அந்த இடம் உயிர். ஆனா ஒரு வார்த்தையைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு ஒரு போலீஸ் ஆபீசர் இவ்வளவு தூரம் போவாரா? ஆடியன்ஸ் நம்ப மாட்டாங்க. நானே நம்பலையே!"

நான் ஒரு நாற்காலியைத் தேடிப் போய் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் பேச்சியம்மாள் வேகமாக உள்ளே வந்தார்.

"தம்பி, செத்த நேரம் எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. அவிய வாராவ."

பிரவீன் நிமிர்ந்தார். "யாரு வர்றாங்க?"

"வயக்காட்டுல இருந்து அவிய வாராவ. நீங்க பாட்டுக்கு வைக்கப்படப்ப நவுத்திட்டு வண்டிய நிப்பாட்டிட்டிய. பாத்தா சும்மா இருக்க மாட்டாவ. கையில அருவா வேற இருக்கும்."

பிரவீன் முகத்தில் ரத்தம் இல்லை. வேறு ஏதோ ஒரு ஊரில், முந்தின படத்துக்கு, கூட்டம் வந்து ஷூட்டிங்கை நிறுத்திய அனுபவம் அவருக்கு இருந்திருக்கிறது. போதாததற்கு, தெற்கத்திக்காரன் என்றாலே கையில் அருவாள் கொடுத்து ஓடவிடுகிற சினிமாவைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை!

"எத்தனை பேரு வர்றாங்க?"

"எத்தன பேரா?" பேச்சியம்மாள் விழித்தார்.

பதிலுக்குப் பிரவீன் எங்கே காத்திருந்தார்? அதற்குள் வாக்கிடாக்கியில் கத்த ஆரம்பித்துவிட்டார். "பேக் அப்! ஆளுங்க வர்றாங்க! அருவாளோட வர்றாங்க!"

அதற்குப்பின் நடந்ததைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். மேனேஜர் மட்டும் கொஞ்சம் நிதானமான ஆள். 'உட்காரவெச்சு டீ குடுத்துப் பேசித் தீர்த்துக்கலாம்' என்று வாசலில் பன்னிரண்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். பன்னிரண்டு டீக்கும் ஆள் போயிற்று.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'நானே நம்பலையே' என்றாரே... என்ன ஆகிறது, பார்த்துவிடலாமே! என் வாழ்க்கையில் முறுக்கு அவ்வளவு ருசியாக இருந்ததே இல்லை.

கால் மணி நேரம் கழித்து ஒரு மொபெட் வந்தது. பின்னால் புல்லுக்கட்டு. ஒல்லியான ஒரு மனிதர் இறங்கினார். இடுப்பில், புல் அறுக்கிற சின்னப் பன்னருவாள். பன்னிரண்டு நாற்காலிகளையும் பார்த்தார். ஜன்னலில் தொங்கிய கறுப்புத் துணியைப் பார்த்தார்.

"ஏட்டி, என்ன இது? யாருக்கு என்ன ஆச்சு?"

பிரவீன் கையைக் கூப்பிக்கொண்டே போனார். "சார், வணக்கம் சார். மத்தவங்கல்லாம் பின்னாடி வர்றாங்களா?"

"மத்தவியளா? எந்த மத்தவிய?"

பிரவீன் பேச்சியம்மாள் பக்கம் திரும்பினார். "அம்மா... அவிய வர்றாங்கன்னு சொன்னீங்களே?"

பேச்சியம்மாளுக்கு வந்த சிரிப்பை முந்தானையாலும் மறைக்க முடியவில்லை.

"இவியதான் தம்பி அவிய!"

கேரவன் கதவு மெதுவாகத் திறந்தது. பிரவீன் அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளையும் பார்த்தார். ஒரு நாற்காலியில் புல்லுக்கட்டுக்காரர் சௌகரியமாக உட்கார்ந்து முதல் டீயை எடுத்துக்கொண்டார். மீதிப் பதினொன்றும் காலி. பிரவீன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் முறுக்குப் பையை நீட்டினேன்.

"மேடம்," என்றார், "கிளைமாக்ஸ் கிடைச்சிடுச்சு."

அன்று மதியம் அவர் எழுதியதைக் கேளுங்கள். முத்துமாரி அடையாளம் காட்டுகிற கும்பல்காரர்களை உட்காரவைப்பதற்காக இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனில் வரிசையாக நாற்காலி போட்டு வைக்கிறார். சந்தேகத்துக்குரியவர்களையெல்லாம் ஒவ்வொருவராகக் காட்டுகிறார். 'இவர் இல்ல, இவரும் இல்ல' என்கிறாள் முத்துமாரி. நாற்காலியெல்லாம் காலியாகவே கிடக்கிறது. அப்போது அவளைக் கூட்டிப்போக அவள் புருஷன் வருகிறான். களைப்பாக இருக்கிறது என்று ஒன்றில் உட்காருகிறான். அவள் சொல்கிறாள்: "அவிய வந்துட்டாவ." இன்ஸ்பெக்டர் காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்...

சேஸிங் இல்லை. ட்ரோன் இல்லை. சப்டைட்டிலில் பன்மையே இருக்கட்டும் என்றார் பிரவீன். பார்க்கிறவனும் இன்ஸ்பெக்டரோடு சேர்ந்து ஏமாறட்டுமே! ஐந்து மணி வீடியோ காலில் அவர் ஸ்கிரிப்டைப் படிக்கவே இல்லை. காலையில் நடந்ததை அப்படியே சொன்னார். மறுமுனையில் சிரித்து முடிக்கவே பத்து நிமிஷம் ஆயிற்று. அணையைக் கைவிட்டார்கள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

இவ்வளவு நாளும் நாவலைப் படமாக்குவது என்றால் வீடு மாற்றுவதுபோல என்று நினைத்திருந்தேன். வசனம், காட்சி, எல்லாவற்றையும் உடையாமல் கொண்டுபோய் இறக்க வேண்டும், அவ்வளவுதானே? இல்லை. நான் என்ன எழுதினேன் என்பது டைரக்டருக்கு முக்கியமே இல்லை. படித்தவன் எந்த இடத்தில் கால் தடுக்கி விழுந்தான் என்று தெரிந்தால் போதும். பார்க்கிறவனையும் அங்கேயே விழவைக்க வேண்டும்.

இதில் எனக்கு ஒரு நஷ்டமும் உண்டு. நாவலில், கிருஷ்ணன்கோவில் பஸ் ஸ்டாப்பில் நின்று இன்ஸ்பெக்டருக்கு உண்மை புரிகிற அத்தியாயம், பதினாலு பக்கம், போயே போய்விட்டது. 'நாற்காலி இருக்கும்போது அது எதுக்கு மேடம்?' என்றார். ஒரு ராத்திரி தூங்கவில்லை. காலையில் எழுந்து யோசித்தால்... அவர் சொன்னதுதான் சரி. இதைப் பிரவீனிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

வைக்கப்படப்பா? டைரக்டரே முன்னின்று, கறுப்பு டி-ஷர்ட்டெல்லாம் வைக்கோல் தூசியாக, பழைய இடத்திலேயே போட்டுக் கொடுத்தார். அவிய கோபம் தணிந்தது.

மறுநாள் அந்தக் காட்சியை ஒத்திகை பார்த்தார்கள். பேச்சியம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஹீரோயினுக்கு 'வந்தாவ, போயிட்டாவ' சொல்லிக் கொடுத்தார். முழுக்கதையையும் கேட்டுக்கொண்டவர், முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"யக்கா, ஒண்ணு கேக்கட்டா? அந்தப் போலீசு ஊருல அம்புட்டுப் பேருட்டயும் போய் விசாரிச்சிருக்காரு. பாத்தவ இவ ஒருத்திதான? இவட்ட மட்டும் ஏன் திருப்பி ஒரு வார்த்த கேக்கல?"

'எத்தனை பேரு' என்று இவரிடமே கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஓடியவர் பிரவீன். அருகில் இருந்த பிரவீன் அவர் கேட்டதை அப்படியே எழுதிக்கொண்டார். இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதியும் என் நாவலில் இந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லையே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. இப்போது அதுதான் சீரிஸின் கடைசி வசனம். முத்துமாரி இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கேட்கிறாள்: "எங்கிட்ட ஏன் திருப்பிக் கேக்கல?"

வசனத்துக்குச் சொந்தக்காரர் பெயரை டைட்டிலில் போட்டே ஆக வேண்டும் என்றேன். பிரவீன் உடனே தலையாட்டினார். பேச்சியம்மாள்தான் பதறிப்போனார்.

"ஐயையோ, எம்பேரு எதுக்கு? அவிய பேரப் போடுங்க!"

"சரிம்மா, அவர் பேரு என்ன?"

"அத நான் எப்படிச் சொல்ல?"

பிறகென்ன? 'பேச்சியம்மாள், வன்னியம்பட்டி' என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். 'அவிய கோவிச்சுக்கிடுவாவ யக்கா' என்று பஸ் ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

கோவித்துக்கொள்ளட்டும் பேச்சியம்மா... ஒருத்தர்தானே!