வழி விடாத அண்ணி

அவள் லாரிக்காரரின் மகள். மெக்கானிக் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டபோது, தாயில்லாத கொழுந்தனும் அவள் பொறுப்பில் வந்து சேர்ந்தான். அவனுக்குச் சமைத்துப் போட்டு, துணி துவைத்து, ஆளாக்கியவள் அவள்தான்.

கார்ப் பந்தயம் அந்த ஊருக்குப் புதிதாக வந்திருந்த காலம். ஏரியைச் சுற்றிப் போகும் குறுகிய சாலைதான் பந்தயப் பாதை. அவள் கணவன் பட்டறையே கதியென்று கிடந்து, ஒரு பழைய காரின் இஞ்சினைப் பிரித்து மேய்ந்து, சீறிப் பாய வைத்திருந்தான். தம்பி ஓட்டுவதாகப் பேச்சு. பெட்ரோல் தீயில் கை வெந்து கணவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தம்பி அந்தக் காரோடு ஒரு பணக்கார அணியில் போய்ச் சேர்ந்துகொண்டான். இஞ்சினைத் தானே செய்ததாகப் பத்திரிகையில் பேட்டியும் கொடுத்தான்.

"சின்னப் பையன், விடு" என்றான் கணவன்.

அவள் விடவில்லை. மறுவருஷம் பெண்களும் ஓட்டலாம் என்று அறிவிப்பு வந்ததும் முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தாள்.

"நம்ம ஓட்டை வண்டிய வச்சு அவன ஜெயிக்க முடியாதும்மா."

"நான் ஜெயிக்கவா போறேன்? அவன் ஜெயிக்கக் கூடாது. உங்க இஞ்சினுக்கு எது ஆகாது? அத மட்டும் சொல்லுங்க."

கணவன் தழும்பேறிய கையைத் தடவிக்கொண்டான். பிறகு, "முன்னால ஒரு வண்டிய ஒட்டிக்கிட்டே போனா காத்து கெடைக்காது. கொதிச்சிரும்" என்றான்.

சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு முன்வரிசை கிடைத்தது. பந்தயம் தொடங்கியதும் மற்ற எல்லோருக்கும் கைகாட்டி வழி விட்டாள். கொழுந்தன் இடப்பக்கம் வந்தால் இடப்பக்கம் போனாள். வலப்பக்கம் வந்தால் வலப்பக்கம். அவன் ஹாரனை அழுத்தினான், கத்தினான். கண்ணாடியில் அவன் முகம் சிவப்பதைப் பார்த்தபடி நிதானமாக ஓட்டினாள். கடைசியில் அவன் கார் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. முக்கி முனகி ஓரத்தில் நின்றுவிட்டது. அவள் எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தாள்.

"ஏன் அண்ணி இப்பிடிப் பண்ணுனீங்க? நீங்க எனக்கு அம்மா மாதிரி இல்லையா?"

"உங்கண்ணன் கை வெந்து கெடந்தப்ப அம்மா ஞாபகம் வரலையா ஒனக்கு?"

கணவன் இருவரையும் பார்க்கவில்லை. தம்பி ஓட்டிய காரின் பானெட்டைத் திறந்து, வெந்து வளைந்துபோன இஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அது மட்டும் அவளைக் கொஞ்சம் சுட்டது. ஆனாலும் வருந்தவில்லை.

பின்னால் வேகமாக வருபவருக்கு வழி விட்டே ஆகவேண்டும் என்று அடுத்த வருஷமே பந்தயக் குழு சட்டம் போட்டது. அவள் அதற்கப்புறம் பந்தயப் பக்கம் போகவில்லை. அணி கைகழுவிவிட்ட கொழுந்தன், கார் கழுவும் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். வீட்டு வாசலிலேயே குழாய் இருந்தும் அவள் வாராவாரம் அங்கேதான் போவாள். வண்டியை விட்டு இறங்கமாட்டாள்.

"பின் சக்கரத்துல சேறு போகல, தம்பி" என்பாள்.

அவன் மறுபடியும் குனிவான்.